நிருபர் அனுப்பும் ஆவணத்தை டெஸ்க்கில் யார் சரிபார்ப்பது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் ஒரு சின்ன இணையச் செய்தித் தளத்தில் துணை ஆசிரியராக இருக்கிறேன். ஷிஃப்டுக்கு இரண்டு பேர், மாவட்டங்களில் பகுதிநேர நிருபர்கள். சரிபார்ப்புக்கென்று எழுதி வைத்த விதி எங்களிடம் எதுவும் கிடையாது. ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி ஆசிரியர் இப்போது என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் இதுதான். மழைக்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் நிருபர் ஒரு பி.டி.எஃப். அனுப்புவார். பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். ‘கன்ஃபார்ம்தான், போட்டுடுங்க’ என்பார். பழைய அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றிச் சுற்றுக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பக் கேட்டால், ‘என்மேல நம்பிக்கை இல்லையா’ என்று நிருபர் வருத்தப்படுகிறார். அவர் மனம் நோகாமல் சரிபார்க்க உங்கள் அலுவலகங்களில் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

பழைய டெஸ்க்:

நாளிதழ் டெஸ்க்கிலும் (நிருபர்களின் செய்திகளைத் திருத்தி வெளியிடும் பிரிவு) அப்புறம் இணையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பக்கத்தின் முதல் வரியாக இதை எழுதுங்கள்: ஆவணத்தைக் கொண்டுவந்தவரே அதைச் சரிபார்ப்பவராக இருக்கக் கூடாது. ஆசிரியரே கொண்டுவந்தாலும் இதே விதி. எல்லோருக்கும் பொது என்றாகிவிட்டால் நிருபர் வருத்தப்பட இடமில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு 2022 அக்டோபரில் ‘தி வயர்’ செய்தித் தளத்தில் நடந்ததுதான் காரணம். பா.ஜ.க.வின் அமித் மாளவியா புகார் கொடுத்தால் இன்ஸ்டாகிராம் பதிவுகள் உடனே நீக்கப்படும், அப்படி ஒரு தனிச் சலுகையை இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் அவருக்குக் கொடுத்திருக்கிறது என்று செய்தி போட்டார்கள். ஆதாரம், உள்ளிருந்து கசிந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆவணம். மெட்டா மறுத்தது. உடனே அந்த நிறுவனத்தின் அதிகாரி ஆண்டி ஸ்டோன் எழுதியதாக ஒரு மின்னஞ்சலை வெளியிட்டார்கள். மெட்டா அதையும் போலி என்றது. அடுத்து, நிறுவனத்தின் ஊழியர்கள் மட்டும் பார்க்கும் உள்தளம் இது என்று ஒரு வீடியோவும், மின்னஞ்சல் உண்மையானதுதான் என்று இரண்டு தொழில்நுட்ப வல்லுநர்கள் உறுதிசெய்ததாகக் கடிதங்களும் வந்தன.

எவ்வளவு ஆதாரம் பாருங்கள்! ஒன்றுமே நிற்கவில்லை. அந்த உள்தளம் அதே வாரத்தில் வெளியார் யாரோ திறந்த இலவசச் சோதனைக் கணக்கு என்றது மெட்டா. வல்லுநர்களோ, நாங்கள் அப்படி எதையும் உறுதிசெய்யவில்லை என்றார்கள். வல்லுநர் கடிதங்களின் படங்களில் ஆண்டு மாறியிருந்ததை வெளியே இருந்த வாசகர்களே கண்டுபிடித்தார்கள். அக்டோபர் 23-ல் தி வயர் செய்திகளை முறைப்படி திரும்பப் பெற்றது. பிறகு வாசகர்களிடம் மன்னிப்பும் கேட்டது. ஆவணங்களைத் தந்த தங்கள் ஆள்மீதே போலீஸில் புகாரும் கொடுத்தது.

ஆவணம், மின்னஞ்சல், வீடியோ, வல்லுநர் கடிதம் என்று நான்கு சான்றுகள் இருந்தது போலத் தெரிந்தது. நான்கும் ஒரே ஆள் வழியாக வந்தவை. ஆசிரியர்களில் ஒருவர் அந்த வல்லுநர்களைத் தானே தேடிப் பிடித்துப் பேசியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். சான்று எத்தனை என்று எண்ணாதீர்கள், எத்தனை வழியாக வந்தது என்று எண்ணுங்கள். அந்தத் தளத்தில் நல்ல பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இது இன்னும் வலிக்கிறது.

சரி, உங்கள் விடுமுறை அறிவிப்புக்கு வருவோம். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரின் எண் நிருபரின் போனில் மட்டும் இருந்தால் போதாது, டெஸ்க்கிலும் இருக்க வேண்டும். அந்த எண்ணை மாவட்ட அரசு இணையதளத்திலிருந்து எடுங்கள். பி.டி.எஃப்.பிலேயே அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அடித்துக் கேட்பதில் பயனில்லை. கலெக்டரின் அதிகாரப்பூர்வ எக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா? கையெழுத்து இப்போதைய கலெக்டருடையதா? பழைய அறிவிப்பைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான், நடுவில் கலெக்டர் மாற்றலாகிப் போயிருப்பார். இன்னொன்று, அறிவிப்பு உண்மையாகவே இருந்தாலும் பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா, மாவட்டம் முழுக்கவா, சில தாலுகாக்களுக்கு மட்டுமா என்பதில்தான் தலைப்பு போடும்போது தவறு வரும். கடைசி வரி வரை படிக்காமல் தலைப்பு எழுத வேண்டாம்.

திருப்பூர் நிருபர்:

நிருபர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. டெஸ்க் திரும்பக் கேட்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எதைக் கேட்பார்கள் என்று முன்பே தெரிந்தால் கேள்வி வருவதற்குள் பதிலை வாங்கி வைத்திருப்போம். ‘யாரிடம் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, நேரிலா போனிலா’ என்று மூன்று வரி எழுதித்தான் காப்பி (எழுதிய செய்தி) அனுப்ப வேண்டும் என்று விதி போடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுவே பயிற்சி.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். சம்பந்தமே இல்லாத பழைய சம்பவங்களின் காட்சிகள் அவை. டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. அதற்குள் வடக்கே சில செய்தி நிறுவனங்கள் அந்த வதந்தியைச் செய்தியாகவே போட்டுவிட்டன. இங்கே பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். வெளியிடுவதற்கு முன்னால் திருப்பூருக்கு யாராவது ஒரு போன் போட்டிருக்கலாம். அது எனக்கு ஆறவே இல்லை.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. மூன்று வரிக் குறிப்பை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். பழைய டெஸ்க் சார், இன்னொரு கேள்வி. தவறு வெளியே போய்விட்டால் செய்தியை டெலிட் செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்கிறார் எங்கள் நிர்வாகி. ஆனால் நியூஸ் கார்டு (செய்தியைப் படமாகப் போடுகிறோமே, அது) அதற்குள் வாட்ஸ்அப்பில் நூறு குரூப்புக்குப் போயிருக்குமே?

பழைய டெஸ்க்:

டெலிட் செய்யவே கூடாது. கார்டைப் பார்த்துவிட்டு உங்கள் தளத்துக்கு வருகிறவர் அங்கே வெறும் பக்கத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ‘மிரட்டி எடுக்க வைத்துவிட்டார்கள், அப்போ உண்மைதான்’ என்றுதான் நினைப்பார். அதே சுட்டியில் செய்தியை வைத்து, மேலே நாலு வரி போடுங்கள்: எது தவறாக வந்தது, சரியானது எது, எத்தனை மணிக்குத் திருத்தினோம். புதுத் தகவல் சேர்த்தது போலக் காட்டித் தவறை மறைக்க வேண்டாம். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006-ல் வாசகர் ஆசிரியர் என்று ஒரு பதவியே உண்டாக்கி, பிழைகளைத் தினமும் அச்சில் ஒப்புக்கொண்டது. அதனால் அதன் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் நிர்வாகியிடம் இதைச் சொல்லுங்கள்.

கார்டுக்குத் திருத்தமும் கார்டாகத்தான் போக வேண்டும். அதே வடிவம், அதே லோகோ, முதலில் போட்ட அதே வாட்ஸ்அப் சேனல், அதே ஃபேஸ்புக் பக்கம். பழைய வாசகத்தைப் பெரிய எழுத்தில் மறுபடி அச்சடிக்காதீர்கள், அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் அதுதான் நிற்கும். சரியான தகவல் பெரிதாக இருக்கட்டும், ‘முன்பு தவறாக வெளியிட்டோம்’ என்பது அதற்குக் கீழே தெளிவாக இருக்கட்டும். கார்டில் தேதியும் நேரமும் கட்டாயம், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு உங்கள் கார்டே சுற்றில் வரும்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், திருப்பூர்க்காரரும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.