புதுப்பிப்பு: கஞ்சா கடைக்கு 150 மீட்டர் தூர விதி, டொரண்டோ

போன மாதம் கேட்டிருந்தேன், எங்கள் கடையைக் கஞ்சா கடைக்கு வாடகைக்கு விட, அடுத்த கட்டடத்துக் குழந்தைகள் காப்பகம் தடையாகுமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "நகராட்சி மண்டல விதியை (எந்த இடத்தில் என்ன தொழில் நடத்தலாம் என்ற விதி) விடுங்க, மாகாண விதியைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. ஒன்டாரியோவில் நகராட்சிகள் கஞ்சா கடைக்கென்று தனி மண்டல விதி போட முடியாது. மாகாண விதிப்படி கடை பள்ளியிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான், காப்பகம் அந்தக் கணக்கில் வராது.

எதிர்பாராதது: தெருமுனை அலுவலகக் கட்டடத்தின் மாடியில் ஒரு சின்னத் தனியார் பள்ளி, வாடகை முகவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. தனியார் பள்ளியும் கணக்கில் சேரும். ஆனால் கட்டடத்தின் பெரும்பகுதி பள்ளியுடையதாக இல்லாவிட்டால் மனையின் எல்லையிலிருந்து இல்லை, பள்ளி இருக்கும் பகுதியின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்ததில் 163 மீட்டர் வந்தது, தப்பித்தோம்.