ஸ்டர்கேட்டை விட்டு ஸ்டர்என்கேட்டுக்கு மாறினால் போதுமா?

வரிமூலன்:
சி மொழியில ஒரு ஸ்ட்ரிங்கோட (எழுத்துத் தொடர்) முடிவுல இன்னொண்ணை ஒட்டும்போது பஃபர் (அதுக்கு ஒதுக்கின நினைவக இடம்) வழியுதா? இடம் இருக்கான்னு பார்க்காம ஒட்டுற ஸ்டர்கேட்டைத் (strcat) தூக்கிட்டு, வரம்பு எண் வாங்குற ஸ்டர்என்கேட் (strncat) போடுங்க. மூணாவது ஆர்கியுமென்ட்டா சைஸ்ஆஃப்(பஃபர்), அதாவது பஃபரோட மொத்த பைட் அளவு, கொடுத்தா முடிஞ்சது.

பைட்கணக்கு:
முடியல, அங்கேதான் வம்பே ஆரம்பம். அந்த எண் பஃபரோட அளவு இல்லை. மூலத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை எழுத்து எடுக்கலாம்ங்கிறது. 16 பைட் பஃபர்ல 10 எழுத்து ஏற்கெனவே இருக்கு. நீங்க 16 கொடுத்து, 16 எழுத்து ஸ்ட்ரிங் வந்தா 10 + 16 + ஸ்ட்ரிங் முடிவைக் காட்டுற '\0' ஒண்ணு, மொத்தம் 27. பதினோரு பைட் வேலி தாண்டிப் போச்சு.

சரியான கணக்கு: சைஸ்ஆஃப்(பஃபர்) - ஸ்டர்லென்(பஃபர்) - 1. ஸ்டர்லென்னா (strlen) இப்போ இருக்கிற எழுத்து எண்ணிக்கை. கடைசி 1, '\0'-க்கு. பஃபர் ஃபங்ஷனுக்குள்ள பாயின்டரா (முகவரியா மட்டும்) வந்திருந்தா இதுவும் உதவாது. 64-பிட் மெஷின்ல சைஸ்ஆஃப் அந்த முகவரியோட அளவை, 8-னுதான் சொல்லும்.

வரிமூலன்:
சரி, அது என் தப்பு. அப்போ, கொடுத்த வடிவத்துல பஃபர்ல எழுதுற எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf)? பஃபரோட முழு அளவையே வாங்கிக்குது, '\0'-வும் அதுவே போடுது.

பைட்கணக்கு:
அது பரவாயில்லை. ஆனா அது திருப்பித் தர்றது எழுதின நீளம் இல்லை, இடம் இருந்திருந்தா எழுதியிருக்கும் நீளம். லூப்ல அதை அப்படியே ஆஃப்செட்டோட (அடுத்து எழுத வேண்டிய இடம்) கூட்டினா, ஒரு தடவை வெட்டுப்பட்டதும் ஆஃப்செட் பஃபரைத் தாண்டிடும். "அளவு - ஆஃப்செட்" அன்சைன்டுங்கிறதால (மைனஸே இல்லாத எண் வகை) மைனஸ் ஆகாம ராட்சச எண்ணாயிடும், அப்புறம் காவலே கிடையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் மதிப்பு மைனஸா, மீதி இடத்துக்குச் சமமோ அதிகமோன்னு பார்த்து நிறுத்தணும். எழுதுற பஃபரையே %s-க்கும் (ஸ்ட்ரிங் செருகுற இடம்) கொடுக்கிறவங்க இருக்காங்க. அது வரையறுக்கப்படாத நடத்தை, என்ன ஆகும்னு சி எந்த உத்தரவாதமும் தராது.

சுழியம்:
ரெண்டு பேரும் வேகத்தைப் பேசவே இல்லை. ஸ்டர்கேட் ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து '\0'-வைத் தேடும். 10 எழுத்துச் சொல் 10,000 ஒட்டினா, விடை 1 லட்சம் பைட்தான். தேடல் மட்டும் ஏறக்குறைய 50 கோடி பைட். நீளத்தை வேரியபிள்ல வெச்சுக்கிட்டு மெம்காப்பி (memcpy, சொன்ன அளவு பைட்டை நகலெடுக்கிறது) பண்ணுங்க.

வரிமூலன்:
மூணு சொல் ஒட்ட இவ்வளவு எதுக்கு? பஃபரோட முழு அளவை வாங்கி ஒட்டுற ஸ்டர்எல்கேட் (strlcat) போதும். 2023-ல ஜிலிப்சி (glibc, லினக்ஸ்ல பரவலா இருக்கிற சி நூலகம்) 2.38-லயும் வந்தாச்சு.

சுழியம்:
அதுவும் தேடும், இடம் பத்தலைன்னா வெட்டும். லாக் வரின்னா சரி. ஃபைல் பாதை வெட்டுப்பட்டா வேற ஃபைலைத் திறந்துடும். ரிட்டர்ன் மதிப்பு பஃபர் அளவுக்குச் சமமோ அதிகமோன்னா எர்ரர்னு எடுத்துக்கணும். பாதைக்கு நான், தேவையான நினைவகத்தைக் கேட்டு வாங்குற மாலாக்தான் (malloc) சொல்வேன்: நீளம் ஒண்ணு + நீளம் ரெண்டு + 1, நல் (NULL, இடம் கிடைக்கலைங்கிற அடையாளம்) வருதான்னு சோதனை, ரெண்டு மெம்காப்பி, முடிவுல '\0'.

வரிமூலன்:
வாங்கின நினைவகத்தை ஃப்ரீ பண்ண (திருப்பிக் கொடுக்க) மறந்தா லீக். பாதைக்கு மட்டும் ஒத்துக்கிறேன், மத்ததுக்கு இல்லை.