கொரோனாகிராஃப்: மகுடவரைவியா, விண்மீன்மறைப்பியா, கூசொளிநீக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கூசவைக்கும் ஒளியை ஒதுக்கி, அதன் பக்கத்தில் இருக்கும் மங்கலானதைக் காட்டும் கருவி கொரோனாகிராஃப். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சில் இதுவரை மகுடவரைவி, விண்மீன்மறைப்பி என்ற இரண்டு சொற்கள் வந்துள்ளன. இவற்றில் மகுடவரைவி மூலச்சொல்லுக்கு நேரானது. 1930களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ இந்தக் கருவியை உருவாக்கியதே, முழுக் கிரகணத்துக்குக் காத்திராமல் சூரியனின் மகுடத்தை, அதாவது கொரோனா எனப்படும் அதன் வெளி வளிமண்டலத்தைப் பார்க்கத்தான். ஆதித்யா எல்-1 விண்கலத்தில் இருப்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் உள்ளவை எந்த மகுடத்தையும் வரைவதில்லை. விண்மீனின் ஒளியை ஒதுக்கி, பக்கத்தில் இருக்கும் கோளையும் தூசித்தட்டையும் காட்டுகின்றன. சுமார் 12 ஒளியாண்டு தொலைவிலுள்ள எப்சிலான் இண்டியின் கோள் அப்படித்தான் படமாகி, 2024இல் வெளிவந்தது. அதை விளக்கும் கட்டுரையில் மகுடவரைவி என்று எழுதினால், படிப்பவர் மகுடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

விண்மீன்மறைப்பி சொல்ல எளிது. ஆனால் மறைப்பது பாதி வேலைதான். குவியத்தில் ஒரு சின்னப் பொட்டை வைத்து விண்மீனின் பிம்பத்தை மறைத்தாலும், தொலைநோக்கியின் விளிம்பில் பட்டுச் சிதறிய ஒளி பொட்டைத் தாண்டி வந்துவிடும். லியோவின் திறமை அடுத்த படியில் இருக்கிறது. அந்த மிச்ச ஒளியை ஒரு வில்லை வழியாகத் திரும்பச் சேர்த்தால், அது பெரும்பாலும் தொலைநோக்கியில் ஒளி நுழையும் துளையின் பிம்பத்தில், விளிம்பை ஒட்டி ஒரு வளையமாகத் திரளும். அந்த இடத்தில் சற்றுச் சிறிய துளையுள்ள தடுப்பை வைத்தால் வளையம் அடைபடும். கோளின் ஒளி சற்றுச் சாய்வாக வருவதால் பொட்டில் சிக்காது. துளை முழுவதும் பரவி வரும், கொஞ்சம்தான் இழப்பு. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் பொட்டை வைத்தும் பெரிய பயன் இல்லை.

வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியில் உள்ள நான்கு கொரோனாகிராஃப்களில் மூன்றில் மறைக்கும் பொட்டே கிடையாது. அங்கே இருப்பது ஒளி ஊடுருவும் தகடு. நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த பகுதிகளில் வரும் அலைகளை ஒன்றுக்கொன்று அரை அலைநீளம் தள்ளிவிடும். சரியாக நடுவில் விழும் விண்மீன் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எதையும் மறைக்காத ஒன்றை மறைப்பி என்று எப்படி அழைப்பது? அப்புறம், தொலைநோக்கிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் முன்னால் தனிக்கலமாகப் பறந்து விண்மீனை மறைக்கும் திரை ஒன்றும் திட்ட அளவில் பேசப்படுகிறது. விண்மீன்மறைப்பி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை கூசொளிநீக்கி. கண்ணைக் கூசவைக்கும் ஒளி கூசொளி. பொட்டு வைத்தாலும் அலையை அழித்தாலும் நீக்கப்படுவது அதுதான். சூரியனுக்கும் பொருந்தும், ஏனென்றால் அங்கேயும் சூரிய வட்டின் கூசொளிதான் மகுடத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறது. சூரியக் கூசொளிநீக்கி, விண்மீன் கூசொளிநீக்கி என்று பிரித்தும் எழுதலாம்.

முழுமையாக நீக்க முடியாதே என்ற தடை வரலாம். உண்மைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிட ஏறக்குறைய 1000 கோடி மடங்கு பிரகாசம். இன்னொரு சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பூமியைப் படம்பிடிக்க அந்த அளவுக்கு ஒளியை அடக்க வேண்டும்; இன்று விண்வெளியில் இயங்கும் எந்தக் கருவியாலும் அது ஆகாது. நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியில், வடிவத்தை நுணுக்கமாக மாற்றி ஒளியின் பிழைகளைத் திருத்தும் உருமாறும் ஆடிகள் இரண்டை வைத்திருப்பது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். ஆனாலும் கருவிக்குப் பெயர் அதன் நோக்கத்தை வைத்துத்தானே அமைகிறது?

துணைச்சொற்களில் மறைப்புப்பொட்டு, லியோ தடுப்பு இரண்டும் எனக்குச் சரியாகப் படுகின்றன. இடிப்பது ஸ்பெக்கிள்தான். ஆடியின் நுண்ணிய பிழைகளால் படத்தில் தோன்றி, கோள் போலவே ஏமாற்றும் புள்ளிகள் அவை. பொய்ப்புள்ளி என்றால் இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஆனால் லேசர் ஒளியில் காணும் ஸ்பெக்கிளில் பொய் எதுவும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒளித்துணுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? ஒளியியல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.