ஜப்பானில் பழைய ஜிடி-ஆர் வாடகைக்கு எடுக்கலாமா? வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்

ஆழியாறு எக்ஸ்பிரஸ்:
அக்டோபர் கடைசியில் நானும் மச்சானும் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம், டிக்கெட் போட்டாச்சு. டோக்கியோ, கியோட்டோ, கோயில், கடைத்தெரு எல்லாம் வீட்டில் போட்ட திட்டம், அதில் எனக்குப் பேச்சில்லை. நான் கேட்டது நடுவில் இரண்டு நாள்தான். டோக்கியோவில் ஒரு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதுவும் ஆர்32 என்ற பழைய மாடல், வாடகைக்கு எடுத்து ஹக்கோனே மலைக்கு ஓட்டிப் போய், அப்படியே இசு ஸ்கைலைன் சாலையில் தெற்கே இறங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். ஒரு கடையில் கேட்டதற்கு 24 மணி நேரத்துக்கு 40,000 யென் என்றார்கள். இடித்துவிட்டால் முதல் 3 லட்சம் யென் நம் தலையில். மச்சான் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பொள்ளாச்சிக்காரர்கள் நாங்கள், வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசியும் தூக்கத்தில்கூடத் தெரியும், அதனால் மலை ஓட்டத் தெரியுமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

வேலந்தாவளம் வேலு:
காரணம் தானே? முதலில் வயசு. ஆர்32 ஜிடி-ஆர் 1989-இல் வந்தது, 1994-இல் நின்றது. கடைசி நாள் கடைசியாக வெளியே வந்த வண்டியைக் கொடுத்தாலும் 30 வயதைத் தாண்டியதுதான் உங்கள் கைக்கு வரும். அதுவும் வாடகை வண்டி, நேற்று ஒருவன் இன்று ஒருவன், வருகிறவன் எல்லாம் ஒரு நாள் ராஜா, ஆயில் சூடாகும் முன்னே 7000 சுற்றுக்கு முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுப்பான். நடுமலையில் நின்றால் மொழி தெரியாத ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அடுத்தது, ஜப்பானில் சாதாரண ரோட்டில் பலகை இல்லாவிட்டால் 60 கிலோமீட்டர்தான் எல்லை, மலைப்பாதையில் 40, 50 என்று பலகை வைத்திருப்பார்கள். 280 குதிரைசக்தி வண்டியை 40-இல் ஓட்ட 40,000 யென்னா? அந்தக் காசுக்கு டொயோட்டா யாரிஸ் மாதிரி ஒரு சின்னக் காரை நாலு நாள் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றலாம்.

கொழிஞ்சாம்பாறை டர்போ:
வேலு அண்ணா, யாரிஸ் ஓட்ட எதற்கு ஜப்பான் வரை போக வேண்டும், கோவை ஏர்போர்ட் வாசலில் அதற்குச் சமமான வண்டி கிடைக்கும். ஆர்32 இந்தியாவில் சட்டப்படி ஓட்டக் கிடைக்குமா? பழைய வண்டி இறக்குமதி என்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி, அப்புறம் எங்கே இங்கே வரும்? ஜப்பானிலேயே குறைந்துகொண்டு வருகிறது. அமெரிக்காவில் 25 வருடம் ஆன வண்டியை இறக்கலாம் என்பதால் 2014-இலிருந்து ஆர்32-களை அள்ளிக்கொண்டு போய் விலையை எங்கேயோ ஏற்றிவிட்டார்கள், போதாததற்கு 13 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே வரியும் கூடுதல். இன்னும் பத்து வருடம் கழித்து வாடகைக்கு விடவே பயப்படுவார்கள். வயசு வயசு என்கிறீர்கள், அங்கே ஷாகேன் என்று வாடகைக் காருக்கு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை இருக்கிறது, நம் ஊர் எஃப்சி மாதிரி புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற கதை இல்லை.

வேலந்தாவளம் வேலு:
ஷாகேனில் பிரேக், லைட், புகை, அடிப்பாகம் பார்ப்பார்கள். கம்ப்ரெஷன் அளப்பார்களா? டர்போவில் ஆயில் கசிகிறதா என்று பைப்பைக் கழற்றிப் பார்ப்பார்களா? ரோட்டில் ஓடத் தகுதி என்பது வேறு, என்ஜின் நலமாக இருக்கிறது என்பது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள்.

வாளையாறு லோடு:
எதுக்குங்க இவ்வளவு சுற்று, கொச்சிப் பக்கம் விசாரித்தால் பழைய ஜப்பான் வண்டி ஒன்றிரண்டு தனியாளிடம் இருக்கும், பேசி ஒரு நாள் வாங்கி மலக்கப்பாறை வழியாக ஓட்டிவிட்டு வரலாமே.

கொழிஞ்சாம்பாறை டர்போ:
வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு வாங்கினால் இடித்த அன்று இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். வாடகைக்கு நாமே ஓட்டுகிற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். அதை விடுங்கள், பூட்டான் வழியாக வந்த வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளம் முழுக்க, சினிமா நடிகர்கள் வீடு வரை, ஏறி இறங்கியது ஞாபகம் இல்லையா? யாருடைய வண்டி எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கில் கை வைப்பீர்களா? எங்கள் பக்கம் எம்விடி, அதுதான் கேரள மோட்டார் வாகனத் துறை, அலாய் வீல் மாற்றினாலே நிறுத்திக் கேட்கிறது.

பழைய பிளக்:
ஆர்எக்ஸ்-7 கேட்கும் மச்சானுக்கு மட்டும் சொல்கிறேன். ஷார்ஜாவில் கராஜில் இருந்தபோது அந்த என்ஜினில் கை வைத்தவன் நான். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு, ஒன்றுக்கு 654 சிசி, ஆக 1.3 லிட்டர். ரோட்டர் முனையில் இருக்கும் சீலுக்கு வழவழப்பு வேண்டும் என்பதற்காக வண்டியே ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கும், அது கோளாறு இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும், வாடகை வண்டிதானே என்று விட்டால் முடிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து நிறுத்தும் இடத்திலிருந்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைத்துப் பாருங்கள், பெட்ரோல் உள்ளே தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும். போட்டால் சூடாகும் வரை ஓட விட்டுத்தான் அணைக்க வேண்டும். 1991-இலிருந்து 2002 வரை வந்த அந்தக் கடைசி மாடலில் டர்போ இரண்டு, முதலில் ஒன்று, 4500 சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்தது என்று வரிசையாக வேலை செய்யும். அதை ஆட்டிவைக்கும் வேக்யூம் ஓஸ்கள் எலிக்கூடு மாதிரி கிடக்கும், சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும், ஒன்றில் விரிசல் வந்தாலும் இரண்டாவது டர்போ வராது. வாடகைக்குக் கொடுப்பவர் அதையெல்லாம் மாற்றியிருந்தால் எடுங்கள், சத்தமே தனி, மறக்க மாட்டீர்கள். மாற்றினாரா என்று கேட்டதற்கு அவர் முழித்தால் ஸ்கைலைனுக்கே போய்விடுங்கள்.

நெம்மாறா நித்யா:
ஒரு கேள்வி. குடும்பத்தோடு போகிறோம் என்கிறீர்கள், அந்த இரண்டு நாளும் குடும்பம் எங்கே இருக்கும்? ஆர்32-இல் பின் சீட்டு இருக்கிறது, ஆனால் நாலு பேரும் நாலு பெட்டியும் ஏறாது. ஆர்எக்ஸ்-7 பின் சீட்டில் கைப்பை வைக்கலாம். ஹக்கோனே யுமோட்டோவில் வெந்நீர்க் குளியல் இருக்கிறது, அவர்கள் அங்கே இருந்துகொள்வார்கள் என்பதுதான் திட்டம் என்றால் அதை அவர்களிடம் சொல்லியாச்சா, இல்லை எங்களிடம் மட்டும்தான் சொல்கிறீர்களா?

இன்னொன்று, டோக்கியோவிலேயே எடுத்தால் வாடகை நேரத்தில் பாதி நெரிசலிலும் டோல் ரோட்டிலும் போய்விடும். ரயிலில் ஹக்கோனே பக்கத்து ஒடவாரா வரை போய் அந்தப் பக்கத்தில் எடுக்க முடியுமா பாருங்கள். எடுப்பதானால் முதல் தலைமுறை மாஸ்டா ரோட்ஸ்டர், அங்கே யூனோஸ் என்ற பெயரில் 1989-இல் விற்றது. 1.6 லிட்டர், 120 குதிரை, எடை 940 கிலோ. உங்கள் ஜிடி-ஆர் 1430 கிலோ. அதை இரண்டாவது கியரில் முழுசாக இழுத்தாலே போலீஸ்காரர் வந்துவிடுவார். ரோட்ஸ்டரை 50-க்குள்ளேயே கியர் மாற்றி மாற்றி, மேல்கூரையைத் திறந்துவிட்டு, வேலை வாங்கலாம். வளைவுக்கு எடை குறைந்த வண்டிதான் சுகம். வால்பாறை ரோட்டில் எட்டு வருடம் பழைய ஜென் ஓட்டியவள் சொல்கிறேன்.

ஆழியாறு எக்ஸ்பிரஸ்:
நித்யா அக்கா, வீட்டில் பாதி சொல்லியிருக்கிறேன். மீதி விசா வந்ததும் சொல்வேன். ரோட்ஸ்டர் நல்ல வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கேமில் ஓட்டியது ஸ்கைலைன்தான். கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆசைக்கு என்ன கணக்கு?

வேலந்தாவளம் வேலு:
அந்தக் கேமில் இடித்தால் ரீஸ்டார்ட் பட்டன் இருந்தது தம்பி.

சித்தூர்-சிபா:
பாலக்காட்டுச் சித்தூர்க்காரன், டோக்கியோவை அடுத்த சிபாவில் வேலை. இங்கே ஓட்டுகிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

ஐடிபி, அதாவது வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி, இல்லாமல் எந்தக் கடையும் சாவி தராது. ஜப்பான் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான ஐடிபியை மட்டும்தான் ஏற்கும், இந்தியா அதில் இருக்கிறது, பயம் வேண்டாம். ஆர்டிஓவில் படிவம் 4ஏ, 1000 ரூபாய், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல். ஒரு வருடம் செல்லும். ஐடிபி, அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் ஓட்டும்போது கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரைக் காட்டினால் இங்கே யாருக்கும் புரியாது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு வயது வரம்பு கடைக்குக் கடை மாறும், 21 என்பார்கள், 26 என்பார்கள். மச்சான் வயது என்ன?

இன்சூரன்ஸில் அந்த 3 லட்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். இடித்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்கு என்ஓசி என்று தனியாக வாங்குவார்கள். சாதாரண வாடகைக் கம்பெனிகளிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து விட்டால் 20,000 யென், ஓட்ட முடியாமல் போனால் 50,000 என்பது வழக்கமான கணக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு அதைவிட எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் கேளுங்கள். டயர், வீல், கிளட்ச் எரிந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். சின்ன உரசல் என்றாலும் 110-க்கு அடித்துப் போலீஸ் வந்து பதிவு செய்யாவிட்டால் இன்சூரன்ஸ் செல்லாது. சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நம் ஊர் வேலையைக் காட்ட வேண்டாம்.

டோக்கியோவிலிருந்து ஹக்கோனே போகும்போது ஒடவாரா-அட்சுகி ரோடு வரும். பார்க்க எக்ஸ்பிரஸ்வே மாதிரியே இருக்கும், எல்லை 70. சாதாரணக் கார் மாதிரி வேடம் போட்ட போலீஸ் வண்டிகளுக்குப் பேர் போன ரோடு அது. சாதாரண ரோட்டில் எல்லைக்கு மேல் 30, எக்ஸ்பிரஸ்வேயில் 40 தாண்டினால் அபராதச் சீட்டோடு போகாது, கிரிமினல் வழக்கு. தலைகீழ் முக்கோணச் சிவப்புப் பலகை பார்த்தால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் நின்றுதான் தாண்ட வேண்டும்.

குடி விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மீனாட்சிபுரம் தாண்டி ஒரு குடம் கள்ளைப் பார்த்துவிட்டு மெதுவாக வீடு வருகிற பழக்கம் நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே ஓட்டுகிறவர் குடித்தது தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தண்டனை, ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை.

கொழிஞ்சாம்பாறை டர்போ:
சித்தூர் அண்ணா, நீங்கள் ஓட்டச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? பயமுறுத்துகிற மாதிரியே இருக்கிறது.

சித்தூர்-சிபா:
ஓட்டச் சொல்கிறேன். ஹக்கோனே டர்ன்பைக் ஒடவாரா பக்கத்திலிருந்து ஏறும் டோல் ரோடு, தாய்கன்சான் உச்சிக்கு 1011 மீட்டர், வளைவுகள் நீளமாக அகலமாக இருக்கும், எதிரே பஸ் ஒடித்துக்கொண்டு வருமோ என்ற பயம் இல்லை. மேலே வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் எப்படியும் ரெண்டு மூணு பழைய வண்டி நிற்கும், மேகம் விலகினால் ஃபூஜி தெரியும். அங்கே ஆர்32-இன் ஆறு சிலிண்டரைக் கேட்டவன் யாரிஸ் எடு என்று சொல்ல மாட்டான். நிறைய வளைவுதான் வேண்டும் என்றால் நிக்கோ பக்கம் இரோஹாசாகா இருக்கிறது, ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு, ஏற்றத்தில் 20, இறக்கத்தில் 28. ஆனால் இலை சிவக்கும் நேரம், அக்டோபர் கடைசியில் அங்கே வண்டிகள் எறும்பு வரிசை. இந்தமுறை வேண்டாம்.

இரண்டு நாள் எதற்கு என்றுதான் எனக்கும் கேள்வி. ஒரு நாள் போதும். மழை பெய்தால் பணம் திரும்ப வருமா, தேதி மாற்றலாமா என்று முதலிலேயே கேளுங்கள்.

வேலந்தாவளம் வேலு:
ஒரு நாள் என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி அந்த 3 லட்சம் யென்னுக்கு. அது மச்சான் ஓட்டும்போது இடித்தால் யார் கட்டுவது? தங்கை வீட்டுக்காரன், கேட்கவும் முடியாது, விடவும் முடியாது.

ஆழியாறு எக்ஸ்பிரஸ்:
அதைத்தான் அவனிடம் பேசப் போகிறேன். கடைக்காரரிடம் ரோட்ஸ்டரும் கேட்டேன் அக்கா, அது அந்த வாரத்தில் புதன்கிழமை மட்டும் இருக்கிறதாம், ஸ்கைலைன் ஞாயிறும் திங்களும் இருக்கிறது. டோக்கியோவில் தங்கும் ஓட்டலில் பார்க்கிங் உண்டு என்று போட்டிருக்கிறான், அதனால் முந்தின நாள் மாலையே எடுத்துவிட்டால் விடியற்காலையில் கிளம்பலாமா?

சித்தூர்-சிபா:
ஞாயிறு வேண்டாம், டர்ன்பைக்கில் ஊரே இருக்கும். திங்கள் எடுங்கள். ஓட்டல் பார்க்கிங் தரையிலா, இல்லை லிஃப்டில் தூக்கி வைக்கும் இயந்திரப் பார்க்கிங்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தரையை ஒட்டினாற்போல உயரத்தைக் குறைத்து இறக்கி வைத்த வண்டியை அதில் ஏற்ற விட மாட்டார்கள். பெட்ரோல் பங்கில் மஞ்சள் குழாய்தான் ஹை ஆக்டேன், ஸ்கைலைனுக்கு அதுதான். சிவப்பு சாதாரண பெட்ரோல். பச்சை டீசல், அதைத் தொடாதீர்கள்.