அழுத்தத்துக்கு மாத்திரை போட்டால் கொழுப்பை மறந்துவிடலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி:
என் மாமனாருக்கு இரத்த அழுத்தம் 160/100. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 150. மருத்துவர் இரண்டுக்கும் மாத்திரை எழுதினார்; கொழுப்பு மாத்திரை வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதே கொழுப்போடுதான் இரத்தம் அழுத்தம் குறைந்த சிரைகளிலும் ஓடுகிறது, ஆனால் அங்கே கொழுப்புத் திட்டுப் படிவதில்லை. காலிலிருந்து எடுத்த சிரையை பைபாஸ் அறுவையில் இதயத்தோடு இணைத்தாலோ, தமனியின் அழுத்தத்துக்கு ஆட்பட்ட சில ஆண்டுகளில் அதுவும் அடைத்துக்கொள்வதுண்டு. அப்படியானால் குற்றவாளி அழுத்தம்தானே?

ஏற்காட்டுக்காரர்:
சிரையைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் அரைகுறை. அழுத்தம் தமனியின் உட்சுவரைப் புண்படுத்தி வழிவிடுகிறது. அவ்வழியே நுழைந்து தங்கும் எல்.டி.எல்.தான் திட்டாகத் திரண்டு, அது வெடித்த இடத்தில் இரத்தம் உறையும்போது மாரடைப்பு வருகிறது. எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து பிடித்து அகற்றும் ஏற்பிகள் (செல்களின் மேலுள்ள புரதங்கள்) பெற்றோர் இருவர் வழியாகவும் பழுதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அழுத்தம் இயல்பாக இருந்தும், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

செவ்வாய்ப்பேட்டை வாசி:
அபூர்வமான பிறவிக் குறையைக் காட்டி முதியவரை அச்சுறுத்துவது முறையல்ல. மாரடைப்போடு மருத்துவமனையில் சேரும் பலருக்குக் கொழுப்பு 'நார்மல்' என்றே அறிக்கை வருகிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தி, உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

அம்மாப்பேட்டை ஆய்வகர்:
அந்த 'நார்மல்' எப்போது எடுத்தது என்று பாருங்கள். மாரடைப்பு வந்த ஓரிரு நாளில் எல்.டி.எல். தானாகவே இறங்கிவிடும். தவிர, 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலிலேயே கையில் பட்டை கட்டி அழுத்தத்தைச் சொல்லிவிடுகிறார். கொழுப்புக்கோ இரத்தம் எடுக்க வேண்டும். நம் ஊரில் அழுத்தத்தை மட்டும் எல்லாரும் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஏற்காட்டுக்காரர்:
உப்பைக் குறைப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மரபணு மாற்றத்தால் எல்.டி.எல். 28 சதவீதம் குறைந்திருந்த கறுப்பினத்தவருக்கு, அவர்களில் பலருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தபோதிலும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவே வந்தது. உங்கள் வாதப்படி இது நடந்திருக்கவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டை வாசி:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனாலும் அந்த மாத்திரையால் கால் குடைச்சல் வந்தால்?

ஏற்காட்டுக்காரர்:
சிலருக்கு வரும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். மருமகன் நிறுத்தக் கூடாது.