பால்கனிச் சுவரில் செடி: மேலே வாடுது, கீழே அழுகுது

செந்தூல்வாசி: எட்டாவது மாடி பிளாட், பால்கனி 4 அடி அகலம்தான், அதிலும் பாதி இடம் துணி காயப் போடவே போய்விடுகிறது. சுவரில் பழைய போத்தல்களை அடுக்கடுக்காகக் கட்டிப் புதினா வைத்தேன். மேல் வரிசை மதியத்துக்குள் வாடுகிறது, கீழ் வரிசை வேர் அழுகி நாறுகிறது. என்ன செய்யலாம்?

பினாங்கு அக்கா: ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் கீழேதானே இறங்கும் தம்பி. கற்பூரவல்லியை மேலே ஏற்றுங்கள், வெயில் தாங்கும். புதினா கீழே இருக்கட்டும், ஆனால் போத்தல் அடியில் ஓட்டை பெரிதாகப் போடுங்கள். மண்ணோடு தேங்காய் நார்த்தூள் கலந்தால் கனமும் குறையும்.

கொடிப்பந்தல்: போத்தலே வேண்டாம் என்பேன். ஒரே தொட்டி, நாலு கயிறு, பயற்றங்காய்! தானாக ஏறிக்கொள்ளும். அப்புறம், அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.

செந்தூல்வாசி: சரி அக்கா, போத்தலில் ஓட்டை போட இன்றைக்கே ஆணி சூடு பண்ணுகிறேன்.