இரண்டும் கறுப்பு லேப்ரடார், குட்டிகளில் மஞ்சளும் சாக்லேட்டும். எப்படி?

மைஅம்மா:
வணக்கம். என் லேப் பெட்டையின் பெயர் மை. மூன்று வயது, நகம் வரை கறுப்பு. சேர்த்த ஆண் நாயும் கறுப்பு. அதன் சான்றிதழில் தாத்தா பாட்டி வரை கறுப்பு என்றே இருக்கிறது. எட்டுக் குட்டிகள் பிறந்தன. ஐந்து கறுப்பு, இரண்டு மஞ்சள், ஒன்று சாக்லேட். இப்போது ஆறு வாரம் ஆகிறது.

பேசியபடி ஒரு குட்டியை எடுத்துப்போக வந்த ஆண் நாய்க்காரர், குட்டிகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். "என் நாயின் வம்சம் சுத்தக் கறுப்பு. வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை" என்றார். இப்போது தெரிந்தவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹீட் (இணைசேரும் பருவம்) முடியும்வரை மையைத் தனியே விட்டதே இல்லை. நிறத்தை மட்டும் வைத்து இப்படிச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. கேட்கிறவர்கள் எல்லோரும் சாக்லேட்தான் கேட்கிறார்கள். அடுத்த முறை தன்னுடைய 'சில்வர்' லேபோடு சேர்த்தால் பாதிக் குட்டிகள் சாக்லேட்டாக வரும் என்று ஒருவர் சொல்கிறார். சரியா? இதற்கு முந்தைய ஹீட்டில் பதினோராம் நாள் சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. அந்த நாள் கணக்கையும் யாராவது சொன்னால் நல்லது.

நாலுகால்:
கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கறுப்புதான் பிறக்கும். மஞ்சள் வந்தால் எங்கேயோ கலப்பு நடந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா.

பழைய விசில்:
நாலுகால் தம்பி, மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் மஞ்சள்தான் என்று நீ சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கறுப்பு அப்படி இல்லை. லேபில் கறுப்பு ஒரு மூடிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மைஅம்மா, லேபின் மூன்று நிறங்களுக்கும் மரபணுக்களில் இரண்டு இடங்களை (லோகஸ்) பார்த்தால் போதும். ஈ லோகஸ் என்பது ரோமத்தில் கரும் நிறமி வரலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. 'கூடாது' என்ற மரபணுப் பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வந்தால் குட்டி மஞ்சள். பி லோகஸ், அந்த நிறமி கறுப்பா பழுப்பா என்பதைச் சொல்கிறது. பழுப்புப் பிரதி இரண்டு சேர்ந்தால் சாக்லேட். எதிலும் ஒரே ஒரு பிரதி இருந்தால் நாய் பளபளவென்று கறுப்பாகவே இருக்கும். ஒற்றைப் பிரதி இப்படியே ஐந்தாறு தலைமுறை மறைந்து வரலாம். சான்றிதழில் எழுதுவது கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும்தான். 'சுத்தக் கறுப்பு வம்சம்' என்று அவர் சொல்வதற்கு அந்தக் காகிதம் ஆதாரம் ஆகாது.

இரு நாய்களும் மஞ்சளுக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என்று பிரதிகளை மறைத்து வைத்திருக்கும் கறுப்பு ஜோடிக்குக் கணக்கு 16-க்கு 9 கறுப்பு, 4 மஞ்சள், 3 சாக்லேட். எட்டுக் குட்டிகளுக்கு அதில் பாதி. உங்களுக்கு வந்திருப்பது 5, 2, 1. பாடப்புத்தகக்காரர் கேட்டால் படம் எடுத்துக்கொண்டு போவார்! வழக்கமாக இவ்வளவு ஒழுங்காக வராது. இப்படிப்பட்ட ஜோடிக்கு எல்லாமே கறுப்பாகப் பிறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அப்பா அந்த நாய்தான் என்று நிறம் நிரூபிக்காது. ஒரே ஹீட்டில் இரண்டு ஆண் நாய்களுக்கும் குட்டி தங்கலாம். அதனால் அவருடைய நாயின் கன்னத்து உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, இந்த இரண்டு லோகஸையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறைந்த பிரதி ஒன்றுகூட இல்லை என்று வந்தால் மஞ்சளும் சாக்லேட்டும் அதற்குப் பிறந்தவை அல்ல. இரண்டும் இருக்கிறது என்று வந்தால் நிறத்தை வைத்துப் பேச அவருக்கு வாயில்லை. அப்போதும் சந்தேகம் என்றால் குட்டிகளையும் சேர்த்துப் பெற்றோர் சோதனை செய்துவிடலாம். சோதனைக்கு மறுத்தால், பேசிய குட்டியை அவர் கேட்கவும் வழியில்லை.

அந்த மஞ்சள் குட்டிகளின் மூக்கு என்ன நிறம்?

சில்வர் விஷயத்துக்கு வருகிறேன். பாதி சாக்லேட் வரும் என்பது பொய் இல்லை, ஆசை காட்டுகிறவர்கள் அரைக் கணக்கைச் சரியாகத்தான் சொல்வார்கள். சில்வர் என்பது நிறம் நீர்த்துப்போன சாக்லேட். டி லோகஸில் நீர்க்கும் பிரதி இரண்டு இருப்பதால் அப்படித் தெரிகிறது. அதனால் அந்த நாயிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் ஒரு பழுப்புப் பிரதி போகும், கூடவே ஒரு நீர்க்கும் பிரதியும் போகும். அதை அவர் சொன்னாரா? வாங்குகிறவர்களிடம் நீங்கள் சொல்வீர்களா? லேபுக்கு இனத் தரவரையறையில் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றே நிறங்கள்தான். நீர்த்த நிற நாய்களில் சிலவற்றுக்கு வளர வளர முடி கொட்டித் தோல் தெரிய ஆரம்பிக்கும், அதற்கு மருந்து கிடையாது. நான் சேர்க்க மாட்டேன்.

சாக்லேட் மோகத்துக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. சாக்லேட் லேப்களின் இடைநிலை ஆயுள் 10.7 வருடம், மற்ற நிறங்களுக்கு 12.1. காதுத் தொற்றும் தோல் நோயும் சாக்லேட்டில் அதிகம். நிறமே கொல்கிறது என்று அர்த்தமில்லை. நிறத்துக்காகவே குறுகிய கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனால், வேண்டாத பிரதிகளும் கூடவே சேர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மைஅம்மா:
மிக்க நன்றி சார். ஒரு மஞ்சளுக்கு மூக்கு கறுப்பு. இன்னொன்றுக்கு மூக்கும் கண் ஓரமும் ஈரல் நிறம். நோயா என்று பயந்துவிட்டேன்.

பழைய விசில்:
நோய் இல்லை. அதுதான் டட்லி. மஞ்சள் பிரதி இரண்டு, பழுப்புப் பிரதியும் இரண்டு. 16-க்கு 1 என்று கணக்கு. கண்காட்சியில் எடுபடாது, வீட்டில் வளர்க்க ஒரு குறையும் இல்லை. குளிர்காலத்தில் மட்டும் மூக்கு வெளுத்து அப்புறம் கறுப்பதும் மஞ்சள் லேப்களில் உண்டு, அது வேறு.

ஈற்றறை:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பதினோராம் நாள் கணக்கை விட்டுவிடுங்கள் மேடம். இரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணினால், சில பெட்டைகளுக்கு ஒரு வாரத்திலேயே முட்டை வெளிவந்துவிடும், சிலவற்றுக்கு இருபது நாளையும் தாண்டும். இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பதுதான் வழி. ஹீட் வந்த ஐந்தாறு நாளில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுப்போம். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தொட்டால் ஏற்றம் தொடங்கிவிட்டது, 5-ஐ ஒட்டி முட்டை வெளிவருகிறது. ஆனால் நாயின் முட்டை வெளிவந்த உடனே தயாராகாது, பக்குவப்பட இன்னும் இரண்டு நாள் வேண்டும். அதனால் 5-ஐத் தாண்டி இரண்டு மூன்று நாளில் சேர்ப்பது நல்லது. முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் அதிலிருந்து 63 நாளில், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக, குட்டி போடும். சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 57-இலிருந்து 72 வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிசேரியன் தேவையா, காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அந்த இடைவெளி பெரிய தலைவலி.

சேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை செய்யுங்கள். சினை கடைசி நாட்களில் கலைவதற்கும், ஆண் நாய் மலடாவதற்கும் அது காரணமாகலாம், மனிதருக்கும் தொற்றும். 'ஏற்கெனவே பல பெட்டைகளுக்குப் போட்ட நாய்தான்' என்பார்கள். அதனால்தான் சோதிக்க வேண்டும்.

சினையில் கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடல் தள்ளிப்போட்டுவிடும். குட்டிகள் பால் குடிக்கும்போது இரத்தத்தில் அளவு திடீரென்று இறங்கி நடுக்கமும் வலிப்பும் வரும்.

சேர்க்காத ஹீட்டானாலும், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் மை நிறையத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் வடியாது, வடியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது.

மைஅம்மா:
சில்வர்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண் நாய்க்காரர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார், செலவு என்னுடையது என்ற நிபந்தனையோடு!

நாலுகால்:
சரி சார், தெரியாமல் சொல்லிவிட்டேன். என்னிடம் மஞ்சள் பெட்டை இருக்கிறது, கறுப்பு மூக்கு. சாக்லேட் ஆண் நாயோடு சேர்த்தால் என்ன வரும்?

பழைய விசில்:
எல்லாமே கறுப்பாகப் பிறக்கலாம். பெட்டையிடம் பழுப்புப் பிரதி இல்லாமல், ஆண் நாயிடம் மஞ்சள் பிரதி இல்லாமல் இருந்தால் அப்படித்தான். இரண்டும் இருந்தால் மூன்று நிறமும் வரலாம். இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்தாயா? ஓடினால் பின்னங்கால் துவளும் ஈஐசி கோளாறுக்கும், கண் பார்வை மங்கும் பிஆர்ஏவுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. அந்த முடிவுகளை இங்கே போடு, நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.